சபைக்கூச்சம்: சேலத்துல 8 நிமிஷம் பேசணும், மூணு வாரம்தான் இருக்கு

மலைக்காபி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏற்காடு பக்கம் மூணு ஏக்கர் காபி, ஊடால மிளகு. அடுத்த மாசம் சேலத்துல ஒரு மண்டபத்துல விவசாயிகள் கூட்டம். காபியில வர்ற வெள்ளைத் தண்டுத் துளைப்பான்ங்கிற பூச்சியைப் பத்தி 8 நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. 150 பேர் வருவாங்களாம். விஷயம் தெரியும்ங்க, தோட்டத்துல நின்னு யார் கேட்டாலும் ஒரு மணி நேரம் சொல்லுவேன். ஆனா மேடைன்னா வாய் வறண்டுடுது, கையில இருக்கிற பேப்பர் ஆடுது, குரல் உடையுது, ரெண்டாவது நிமிஷத்துல அடுத்து என்னன்னே மறந்துபோகுது.

ஆறு பக்கம் எழுதி வச்சிருக்கேன். மனப்பாடம் பண்ணணுமா, பார்த்துப் படிச்சாப் போதுமா? நடுக்கத்துக்கு மாத்திரை இருக்குன்னு சொல்றாங்களே, போடலாமா? மைக்கை எப்படிப் பிடிக்கணும்? "தைரியமா இருங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது ரொம்பக் கேட்டாச்சு.

மேடைக்கணக்கு:

ஆறு பக்கத்திலேயே சிக்கல் ஆரம்பிச்சிடுது. கையெழுத்தில் முழுப் பக்கத்துக்குச் சுமார் 150 சொல் என்றால் ஆறு பக்கம் 900. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல்தான் போகும், நம் சொற்கள் நீளம். ஆக உங்கள் உரை பத்து நிமிடம். எட்டு நிமிடத்துக்குள் அடைக்கப் பார்த்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் குரல் உடையும். பயம் என்று நீங்கள் நினைப்பதில் பாதி இந்த நெரிசல்தான். ஆறரை நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், அதாவது நாலு பக்கத்துச் சரக்கு. மீதி ஒன்றரை நிமிடம் தண்ணீர் குடிக்கவும், நிறுத்திப் பேசவும், மைக் தகராறுக்கும்.

முழு மனப்பாடம் வேண்டாம். அது சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டால் அடுத்தது கைக்கு வராது. "ரெண்டாவது நிமிஷத்துல மறந்துபோகுது" என்கிறீர்களே, அது அந்தக் கண்ணி விட்ட இடம். பார்த்துப் படிப்பதும் உதவாது. தலை குனியும், வாய் மைக்கை விட்டு விலகும், எதிரில் இருப்பவர் முகம் தெரியாது.

முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். நடுவில் நாலு தூண் நட்டால் போதும். உங்கள் தலைப்புக்கு இப்படி வரும்: பூச்சி பறக்கிற காலம் (ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர்). அது தேடிப்போகிற செடி (நிழல் குறைந்து, தண்டில் வெயில் படுகிற செடி). கண்டுபிடிக்கிற அடையாளம் (தண்டில் மேடு தட்டுவது, இலை மஞ்சளித்து வாடுவது). செய்ய வேண்டிய வேலை (முட்டையிட இடம் தராமல் பொருக்குப் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பது, பூச்சி விழுந்த செடியை, அது பறக்கிற காலத்துக்கு முன்பே பிடுங்கி எரிப்பது). ஒவ்வொரு தூணுக்கும் ஒரு அட்டை, போஸ்ட் கார்டு அளவு. ஒரு அட்டையில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் கூடாது, எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம். மூலையில் எண் போட்டு, ஓட்டை குத்தி, நூலில் கோத்துவிடுங்கள். கீழே விழுந்தாலும் வரிசை கலையாது.

பேப்பர் ஆடுவதற்கு மருந்தே இதுதான். மெல்லிய முழுத்தாளில் விரலின் சின்ன நடுக்கம் மறுமுனையில் பெரிய ஆட்டமாகத் தெரியும். கெட்டி அட்டையில் தெரியாது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. உங்கள் ஆறு பக்கத்தையும் எடுத்துப் பாருங்கள், "தாக்கப்படுகின்றன", "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதியிருப்பீர்கள். நாக்குக்குப் பழக்கம் "பூச்சி விழுந்துடுது". எழுத்துத் தமிழில் ஆரம்பித்த வாக்கியம் பாதியில் பேச்சுத் தமிழுக்கு வழுக்கும், வழுக்கிய இடத்தில் நாக்கு தடுக்கும், தடுக்கியதும் பயம் பிடித்துக்கொள்ளும். அட்டையிலேயே பேச்சு வழக்கில் எழுதுங்கள். கேட்கப்போவது விவசாயிகள், பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் இல்லை.

குகை மைக்செட்:

மைக் விஷயம் நான் சொல்றேன் அண்ணே. மொதல்ல எந்த மைக்குன்னு விழாக்காரங்ககிட்ட கேட்டுக்கோங்க, மூணுக்கும் பழக்கம் வேற வேற.

கை மைக்னா வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரக்கடை. தலைப் பக்கம் இருக்கிற வலையைக் கையால மூடிப் பிடிக்கக் கூடாது. ஸ்டைலா இருக்குன்னு பாட்டுக்காரங்க மாதிரிப் பிடிச்சா பின்பக்கச் சத்தமும் உள்ள போய் "கீ"ன்னு ஊளையிடும். அந்த ஊளையிலதான் புதுசாப் பேசறவங்க பாதிப் பேர் ஆடிப்போறாங்க. கை நடுங்கினா முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கோங்க, மைக் அசையாது. ஆனா உங்களுக்குக் கை மைக் சரிப்படாது. ஒரு கை மைக்குக்குப் போயிட்டா அட்டை மாத்தக் கை எங்க? ஸ்டாண்டு மைக்கோ போடியமோ கேட்டு வாங்குங்க.

போடியத்துல வளையற கழுத்து மைக் இருக்கும். அதுக்கு ஒரு சாண் தூரம். வாய்க்கு நேரா இல்லாம கொஞ்சம் கீழ, தாடையைப் பார்த்து இருக்கட்டும். "ப", "ட" வரும்போது டப்பு டப்புன்னு அடிக்காது. உங்களுக்கு முன்னாடி பேசறவர் உயரமா இருந்திருப்பாரு, அவர் வச்ச உயரத்துக்கு எட்டி எட்டிப் பேசாதீங்க. வாயைத் திறக்கறதுக்கு முன்ன மைக்கை இறக்குங்க, இல்லேன்னா கையைக் காட்டுங்க, மைக்செட் ஆள் ஓடி வருவான். அந்தப் பத்து செகண்டு யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க, உங்களுக்கும் மூச்சு வாங்கிக்க நேரம் கிடைக்கும்.

காலர் மைக்னா நெஞ்சுக்கு நடுவுல குத்திக்கோங்க. துண்டு, சால்வை உரசக் கூடாது. சால்வை போத்தற பழக்கம் இருக்கிற மேடையில அதான் பெரிய தொல்லை, கரகரன்னு கேட்கும். சால்வையை வாங்கி நாற்காலியில வச்சிட்டு வந்து பேசுங்க.

ஊதிப் பார்க்காதீங்க, தட்டிப் பார்க்காதீங்க. "வணக்கம்"னு சொல்லுங்க, அதுவே டெஸ்டிங். ஊளை வந்தா ஸ்பீக்கர் பொட்டிக்கு முன்னாடி நிக்கறீங்கன்னு அர்த்தம், ரெண்டடி பின்னால போங்க. கரண்டு போனா கத்திப் பேசாதீங்க. ஜெனரேட்டர் எடுக்கற வரைக்கும் சும்மா நில்லுங்க, தொண்டை மிச்சம்.

பெரிய மண்டபத்துல உங்க குரலே சுவத்துல பட்டுக் கொஞ்சம் லேட்டா திரும்பி வரும். அதைக் கேட்டுக்கிட்டே பேசினா நாக்கு குழறும். வாக்கியம் முடிஞ்சதும் எதிரொலி அடங்கட்டும், அப்புறம் அடுத்தது. கூட்டம் ஆரம்பிக்க 40 நிமிஷம் முன்னாடி வந்து காலி மண்டபத்துலயே ரெண்டு வாக்கியம் பேசிப் பார்த்தீங்கன்னா இது பழகிடும்.

வார்டு நோட்டு:

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேடை நடுக்கத்துக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் புரோப்ரனலால். இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், மறதியைத் தீர்க்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது. நாடித் துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆபத்து. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகும். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும், அதுவும் கூட்டத்துக்கு முன்பே ஒரு நாள் வீட்டில் போட்டுப் பார்த்த பிறகு. பக்கத்து வீட்டுக்காரர் தந்த மாத்திரையை மேடைக்குப் போகிற அன்று முதல் தடவையாகப் போடுவது மட்டும் கூடவே கூடாது. தூக்க மாத்திரையும் "ஒரு ரவுண்டு"ம் நடுக்கத்தோடு ஞாபகத்தையும் சேர்த்து மழுக்கிவிடும்.

மலையிலிருந்து வருகிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. சேலம் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. வாந்திக்குப் பயந்து பலர் கிளம்பும்போது மாத்திரை போடுவார்கள். அந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலானவை தூக்கம் தரும், வாயையும் வறளவைக்கும். ஏற்கெனவே வாய் வறள்கிறது என்கிறவருக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிடாமல், பஸ்ஸில் முன் சீட்டில், தூரத்து ரோட்டைப் பார்த்தபடி வாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். இறங்கியதும் காது அடைத்திருக்கும், சொந்தக் குரலே அந்நியமாகக் கேட்கும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழே. ஸ்வெட்டர் குளிரிலிருந்து வெக்கைக்கு வந்தவுடன் வேர்ப்பதைப் பயம் என்று எண்ணிக்கொள்வீர்கள். பேச வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அடிவாரம் தாண்டிவிடுங்கள்.

வாய் வறள்வது அட்ரினலின் வேலை. உடம்பு ஓடவோ சண்டைக்கோ தயாராகும்போது எச்சில் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள். காபிக்காரரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் அன்று வழக்கமான ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காஃபின் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் ஆகும். காலை 10 மணிக் கூடுதல் காபி மதியக் கூட்டத்திலும் படபடக்கும்.

மூச்சு: "ஆழமாக இழுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள், அதில்தான் தப்பு நடக்கிறது. வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் கூடும். மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 7 அல்லது 8 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். வெளியே விடுவதுதான் நீளம். நாற்காலியில் உட்கார்ந்தே ஐந்து நிமிடம், யாருக்கும் தெரியாது. நிற்கும்போது முட்டியைப் பின்னால் பூட்டி விறைக்காதீர்கள், கால் ஆடுவது அதனால்தான்.

இந்த மேடை மட்டும் இல்லை, கடையில் பேசவும், கல்யாண வீட்டுக்குப் போகவும்கூடப் பல மாதமாகத் தவிர்க்கிறீர்கள் என்றால் அது சபைக்கூச்சம் இல்லை, சிகிச்சை உள்ள பிரச்சினை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணுக்கும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

அவையறி:

மேடைக்கணக்கு சொன்னதற்கு மேல் பயிற்சி வரிசை.

கண்ணாடி முன் நின்று பழகாதீர்கள். கண் முழுக்க உங்கள் மேலேயே இருக்கும், மேடையிலும் அதே கண் கூட வரும். செல்போனில் குரலை மட்டும் பதிந்து கேளுங்கள். முதல் வாரம் தினம் இரண்டு தடவை, நின்றபடி, சத்தமாக. மனதுக்குள் படித்துப் பார்த்தது பயிற்சிக் கணக்கில் சேராது. இரண்டாவது வாரம் வீட்டில் இருவர் முன், பிறகு தோட்டத்து ஆட்கள் ஐந்தாறு பேர் முன். காபி காயப்போடும் களம் இதற்கு அருமையான இடம், ஆட்களை இருபது அடி தள்ளி உட்காரவைத்துக் கடைசி ஆளுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வாரம் அட்டைகளைக் கலைத்து, கைக்கு வந்த அட்டையிலிருந்து பேச ஆரம்பியுங்கள். நடுவில் விட்டாலும் எங்கிருந்தும் ஏறிக்கொள்ளும் பழக்கம் இதில்தான் வரும். யாரையாவது வேண்டுமென்றே இருமவும், போன் அடிக்கவும், குறுக்கே நடக்கவும் சொல்லுங்கள். பழகும்போதே இடறியிருந்தால் அன்றைக்குப் புதிதாக இருக்காது.

உங்கள் படபடப்பு அப்படியே வெளியே தெரிகிறது என்று நினைப்பது எல்லோருக்கும் உள்ள பிரமை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. பேசுகிறவர் தான் பதறுவதாக எவ்வளவு மதிப்பிட்டாரோ, கேட்டவர்கள் அதைவிடக் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நன்றாகவும் பேசினார்கள். ஆகவே "மன்னிக்கணும், எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு" என்று தொடங்காதீர்கள். தெரியாததைத் தேடச் சொல்லிக் கொடுப்பது போல ஆகிவிடும்.

குறளில் அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். அதற்கு முந்தையது அவையறிதல். அந்த வரிசையிலேயே வேலை செய்யுங்கள். வருகிறவர்களில் காபிக்காரர்கள் எத்தனை பேர், மரவள்ளி, மஞ்சள் போடும் சமவெளி ஆட்கள் எத்தனை பேர்? உங்களுக்கு முன் யார் பேசுகிறார், என்ன தலைப்பு? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? காபிச் செடியையே பார்க்காதவர்கள் பாதிப் பேர் என்றால் "அராபிகா" (காபியில் ஒரு வகை) என்றவுடன் ஒரு வாக்கியம் விளக்கம் வேண்டும். அது தெரியாமல் போய் நின்று, எதிரே முகங்கள் வெறித்துப் பார்த்தால், நீங்கள் பயப்படுவீர்கள். அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

விளிச்சொல்லைச் சுருக்கிவிடுங்கள். "மேடையை அலங்கரித்துக்கொண்டிருக்கும்..." என்று ஏழு பேர் பெயரும் பட்டமும் சொல்லப்போய், ஒருவர் விட்டுப்போய், பின்னாலிருந்து சீட்டு வந்து, ஆரம்பத்திலேயே ஆட்டம் கண்டுவிடும். "மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும் எதிரில் இருக்கிற விவசாயி சொந்தங்களுக்கும் வணக்கம்." போதும்.

மேடைக்கணக்கு:

இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. விளிச்சொல் தொண்டைக்கு ஒத்திகை. ஆயிரம் தடவை கேட்ட வாய்பாடு, யோசிக்காமல் வரும், அந்த இருபது வினாடியில் குரல் சமநிலைக்கு வந்துவிடும். தலைவர் ஒருவர் பெயரை மட்டும் சொல்லி மற்றவர்களை மொத்தமாக அடக்கலாம். பெயரை விழாக் குழுவிடம் எழுதி வாங்கி, அட்டைகளுக்கு மேல் பூஜ்ஜியம் என்று எண் போட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். மேடையில் கடைசி நேரத்தில் தலைவர் மாறுவதும் உண்டு, உட்காருமுன் ஒரு தடவை சரிபாருங்கள்.

மலைக்காபி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஆறு பக்கத்தை நேத்து ராத்திரி அட்டையா மாத்திட்டேன். "பரிந்துரைக்கப்படுகிறது" நாலு இடத்துல இருந்துச்சு! இன்னும் ரெண்டு கேள்வி. இவ்வளவு செஞ்சும் நடுவுல மறந்துபோனா அந்த நொடி என்ன பண்றது? பேசி முடிச்சதும் கேள்வி கேப்பாங்களாம், தெரியாததைக் கேட்டா?

அவையறி:

மறந்தால் வாயை மூடுங்கள். "அது வந்து... அது வந்து..." என்று இழுப்பதுதான் கூட்டத்துக்குத் தெரியும், மௌனம் தெரியாது. தண்ணீர் ஒரு வாய், அட்டையைப் பார்ப்பது, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே மறுபடி அழுத்திச் சொல்வது, அடுத்த தூண். மொத்தம் நாலைந்து வினாடி. உங்களுக்கு அது நாலு நிமிடமாகத் தோன்றும், கேட்பவருக்கு நீங்கள் வலியுறுத்துவதாகத் தோன்றும். விட்டுப்போன விஷயம் ஞாபகம் வந்தால் "இதைச் சொல்ல மறந்துட்டேன்" என்று பின்னால் போகாதீர்கள். அது விட்டுப்போனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வி வந்தால் முதலில் அதை மைக்கில் திருப்பிச் சொல்லுங்கள். கேட்டவர் கையில் மைக் இருக்காது, பின்வரிசைக்குக் கேள்வியே போயிருக்காது. உங்களுக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும். தெரியாததற்கு: "இது எனக்குத் தெரியலைங்க. காபி வாரியத்து விரிவாக்க அலுவலர்கிட்ட கேட்டுச் சொல்றேன், கூட்டம் முடிஞ்சு என்னைப் பாருங்க." ஊகித்து ஒரு மருந்தின் பெயரையோ அளவையோ மட்டும் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கே யாராவது அதை வாங்கி அடிப்பார்கள். கேள்வி என்று எழுந்து தானே பேச ஆரம்பிக்கிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் "நல்ல விஷயம்ங்க, அடுத்த கேள்வி" என்று வேறு பக்கம் திரும்புங்கள்.

மேடைக்கணக்கு:

ஒன்று விட்டுவிட்டேன். பூச்சி விழுந்த தண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்றரை அடி நீளம் வெட்டி, நெடுக்குவாட்டில் பிளந்து, உள்ளே புழு குடைந்த பாதையில் சிவப்புப் பெயின்ட் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவது வரிசைக்கு மேல் தெரியாது. மூன்றாவது தூண் வரும்போது நெஞ்சு உயரத்தில் தூக்கிப் பிடியுங்கள், வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் எடுப்பாகத் தெரியும். தோட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவேன் என்றீர்களே, அங்கே உங்கள் கையில் செடி இருக்கிறது. எல்லோர் கண்ணும் தண்டுக்குப் போகும், உங்கள் கண்ணும் கூட. பேசும்போதே கூட்டத்தில் சுற்ற விடாதீர்கள், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

குகை மைக்செட்:

தண்டை வெறும் கையில கொண்டு வராதீங்க அண்ணே, உள்ள இருக்கிற தூள் போடியத்துல கொட்டி மைக் வலைக்குள்ள போயிடும். அடிப்பக்கம் நியூஸ் பேப்பர் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்கோங்க. தண்டால மைக்கை இடிச்சுடாதீங்க, தண்டைத் தூக்கிக் காட்டும்போது மட்டும் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.